கட்டிப்போட்ட குதிரை தானா கதவைத் திறந்துக்காது

போன இதழ்ல ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது, ராத்திரி கொசுவுக்குப் போட்ட மூட்டத்துல இருந்து பொறி பறந்து லாயத்துக் கூரை பத்திக்கிட்டு ரெண்டு குதிரையும் ஒரு குட்டியும் செத்துப்போச்சுன்னு. வீட்டுக்காரங்க சத்தம் கேட்டு எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள கூரை உள்ள இறங்கிடுச்சாம். அதைப் படிச்சுட்டு வந்த கேள்விகள்தான் இந்தத் தடவை முழுக்க. நான் தீயணைப்புத் துறையில 29 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப தோட்டத்துல ஒரு கத்தியவாரி குதிரையும் ரெண்டு மாடும் வச்சிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆளுன்னு ஆசிரியர் என்கிட்ட குடுத்துட்டார்.

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தையில ஒரு மார்வாரி குதிரை வாங்கினேங்க. தென்னங்கீத்துக் கொட்டகையில கட்டியிருக்கேன். சாயங்காலமானா கொசு மொய்க்குது, வேப்பந்தழை போட்டு மூட்டம் போடாம முடியல. போன இதழைப் படிச்சதுல இருந்து தூக்கமே வரல. என்ன பண்றது? (கோபியில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, மூட்டத்தை இன்னைக்கே கொட்டகையை விட்டு வெளிய கொண்டு வந்துருங்க. ஊர்ல எல்லாரும் காலங்காலமா பண்றதுதானேன்னு தோணும், எங்கப்பாவும் பண்ணினார். ஆனா நான் சர்வீஸ்ல போய்ப் பார்த்த மாட்டுக்கொட்டகை தீயில எத்தனையோ இந்த மூட்டத்துல ஆரம்பிச்சதுதான். மூட்டத்துக்குப் போடுற வறட்டி இருக்கே, அது மேல சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி தெரியும், உள்ள கங்கு மணிக்கணக்கா உசுரோட இருக்கும். நீங்க ஒம்பது மணிக்குப் பார்த்துட்டுப் படுத்துருவீங்க, ரெண்டு மணிக்கு காத்து திரும்பி அடிக்கும்போது சாம்பல் விலகி கங்கு வெளிய வரும், குதிரை கால் மாத்தி வைக்கும்போது நாலு வைக்கோல் அந்தப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான். கீத்துக் கூரை ஒரு முனையில பத்தினா மறுமுனைக்குப் போறதுக்கு நிமிஷக் கணக்குதான், எரியுற கீத்து கீழ குதிரை மேலயே விழும்.

மூட்டம் போட்டே ஆகணும்னா மண் சட்டியில போட்டு, கொட்டகைக்கு வெளிய, வைக்கோல் ஒண்ணும் இல்லாத வெறுந்தரையில வச்சு, பக்கத்துலயே ஆள் இருந்து, படுக்கப் போகுமுன்னாடி தண்ணி ஊத்தி கிளறி, திரும்ப ஊத்தி அணைச்சுட்டுப் போங்க. ஒரு தடவை ஊத்தினா மேல மட்டும்தான் நனையும். ஆனா கொசுவுக்கு அதை விட நல்ல வழி காத்துதான், நல்லா அடிக்கிற காத்துல கொசு நின்னு கடிக்க முடியாது, மேல உசரத்துல மாட்டின ஃபேன் ஒண்ணும் ஜன்னல்ல கொசுவலையும் போதும். அதோட மூத்திரம் தேங்குற குழியை மூடி வாய்க்கால் வெட்டி விட்டீங்கன்னா பாதி கொசு அங்கயே கொறஞ்சுரும்.

கூரையை ஓடோ தகர ஷீட்டோ ஆக்க முடிஞ்சா ஆக்குங்க. தகரம் சுடும்னு மேல கீத்து பரப்புறாங்க பாருங்க, அது வேண்டவே வேண்டாம், எரியாத கூரை போட்டு எரியுறதை அது தலையில வச்ச மாதிரி ஆயிரும். உசரமா தூக்கிக் கட்டி மேல வெள்ளை அடிச்சா சூடு நல்லாவே கொறையும். வெள்ளை அடிக்கும்போது இன்னொண்ணு, நீத்தாத சுண்ணாம்புக் கல்லை மூட்டையோட வைக்கோல் பக்கத்துல வச்சுராதீங்க. அதுல தண்ணி பட்டா கொதிச்சு எழும்புமே, அந்தச் சூட்டுக்கு பக்கத்துல காஞ்சது இருந்தா பத்திக்கும். மழைத்தண்ணி ஒழுகி அப்படி ஆனதும் உண்டு.

கேள்வி: வைக்கோல், காஞ்ச புல்லு எல்லாம் யாரும் நெருப்பு வைக்காமலே தானா எரியும்னு என் மச்சான் சொல்றார். நான் நம்பல. பந்தயம் வேற கட்டியிருக்கோம். (பொள்ளாச்சியில் இருந்து ஒருவர்)

பதில்: மச்சான் சொல்றதுதான் சரிங்க. பந்தயத்தை விடுங்க, முதல்ல போய் உங்க தீவன ரூமைப் பாருங்க.

நல்லா காயாத புல்லைக் கட்டி அடுக்கினா அது உள்ள இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும், ஈரத்துல பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும், அதுங்க வேலை செய்யுறப்ப சூடு வரும். வெளிய பரப்பி இருந்தா சூடு காத்துல போயிரும், அடுக்கி வச்சதுனால நடுவுல இருக்கற சூடு வெளிய வர வழியே இல்ல. 70 டிகிரி செல்சியஸ் கிட்ட போனதும் கிருமியெல்லாம் செத்துரும், ஆனா அதுக்குள்ள புல்லுக்குள்ளயே ரசாயன மாற்றம் ஆரம்பிச்சுருக்கும், அது சூட்டை இன்னும் ஏத்தும். கடைசியில காத்து கிடைக்குற ஒரு ஓரத்துல தீ வெளிய வரும். பெரும்பாலும் அடுக்கின முதல் ஆறு வாரத்துக்குள்ளதான் இது நடக்கும், அதுக்கப்புறமும் மழைச்சாரல் பட்டு நனைஞ்சா மறுபடி ஆரம்பிக்கும்.

கட்டும்போது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், பெரிய உருண்டைக் கட்டா இருந்தா அதை விடவும் கொறைவா. நம்ம ஊர்ல குதிரைக்கு குதிரைமசால் காய வச்சுப் போடுறாங்கள்ல, அதுல தனி கவனம் வேணும், ஏன்னா எலை சீக்கிரம் காஞ்சு மொறமொறன்னு ஆயிரும், தண்டு உள்ள பச்சையாவே இருக்கும். எலையைத் தொட்டுப் பார்த்து காஞ்சுருச்சுன்னு கட்டிருவாங்க. தண்டை எடுத்து முறுக்குங்க, டக்குன்னு ஒடிஞ்சா சரி, நாராத் திரிஞ்சா இன்னும் ஒரு வெயில் வேணும்.

அடுக்கினதுக்கப்புறம் பார்க்குற வழி ரொம்ப சிம்பிள். ஒரு நீள இரும்புக் கம்பியை அடுக்குக்கு நடுவுல ஆழமா குத்தி, கால் மணி நேரம் விட்டு, உருவி, நடுப்பகுதியைக் கையால பிடிச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா தெனம் ரெண்டு வேளை பாருங்க. பிடிக்க முடியாம கை சுட்டா ஆபத்து ஆரம்பிச்சாச்சு. தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் நல்லது: 55 டிகிரி வரைக்கும் கவனிச்சா போதும், 65 தாண்டினா பக்கத்துல கட்டியிருக்க ஜீவனை எல்லாம் தள்ளிக் கட்டுங்க, 70ல சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்க, 80 வந்துட்டா அடுக்கைத் தொடாம 101க்கு போன் பண்ணுங்க. ஏன் தொடக்கூடாதுன்னா, புல்லுக்கட்டை உருவின அந்த ஓட்டையில காத்து போகும், உள்ள கனன்றுக்கிட்டு இருக்கறது குப்புன்னு பிடிக்கும். அடுக்கு மேல ஏறவும் ஏறாதீங்க, உள்ள எரிஞ்சு பொந்தாயிருந்தா கால் உள்ள போயிரும். வாசத்துலயும் தெரியும், வெல்லப்பாகு அடிப்பிடிச்ச மாதிரி இல்லன்னா பொகையிலை மாதிரி ஒரு வாசம், விடிகாலையில அடுக்கு உச்சியில லேசா ஆவி. பாகு வாசம் நல்லா இருக்குன்னு ஒரு பெரியவர் என்கிட்டயே சொல்லியிருக்கார், மறுநாள் அந்த ரூம்ல தண்ணி அடிக்கப் போனது நாங்கதான்.

இடம் இருந்தா தீவனத்தை லாயத்துல இருந்து 100 அடி தள்ளி தனியா வைங்க. லாயத்துக்குள்ள அன்னன்னைக்கு வேண்டியது மட்டும். பரண் மேல மொத்தத்தையும் ஏத்தி கீழ குதிரையைக் கட்டுறது ரொம்ப பேர் பண்றாங்க, இடம் மிச்சம்தான், ஆனா குதிரை தலைக்கு மேல மொத்த விறகையும் அடுக்கின கணக்கு அது.

கேள்வி: லாயத்துக்கு கரண்ட் இழுக்கப் போறேன், எதை எதைக் கவனிக்கணும்? (தாராபுரத்தில் இருந்து ஒரு வாசகி)

பதில்: எலி கடிக்கறதைத்தான் முதல்ல நினைக்கணும்மா. கொள்ளும் தவிடும் இருக்கற இடத்துல எலி இல்லாம இருக்காது, அது ஒயரைக் கடிச்சு செம்பு வெளிய தெரியும், அது மேல வைக்கோல் தூசி உக்காரும், ஒரு பொறி போதும். அதனால ஒயர் எல்லாம் பைப்புக்குள்ள போகணும், குதிரை வாய் எட்டாத உசரத்துல போகணும். ஸ்விட்ச் போர்டு தூசி போகாத மூடி வச்சதா இருக்கணும், போர்டுக்குள்ள எறும்பு புத்து வைக்கும், பல்லி போய் மாட்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீசியனை வச்சு திறந்து பார்த்து லூஸ் கனெக்‌ஷன் டைட் பண்ணுங்க. லோடு கூடினா விழுற எம்சிபி ஸ்விட்ச்சோட ஆர்சிசிபியும் போடுங்க, 30 மில்லிஆம்பியர்ல. கரண்ட் கசிஞ்சா ஆர்சிசிபி கட் பண்ணிரும், நாலு கால்லயும் இரும்பு லாடம் போட்டுக்கிட்டு ஈரத்தரையில நிக்குற ஜீவன், நம்மளை விட சீக்கிரம் ஷாக்குல போயிரும்.

குண்டு பல்பு வேண்டாம், அது கண்ணாடியே சுடும், மேல தூசி உக்காந்தா கருகும். எல்ஈடி போட்டு வெளிய கூண்டு மாட்டுங்க. வீட்டுல பழசான டேபிள் ஃபேனை லாயத்துக்குக் கொண்டு போகாதீங்க, அதோட மோட்டார் பின்னாடி திறந்திருக்கும், தூசியும் முடியும் உள்ள போய் அடைச்சு சூடாகி நின்னுரும், நிக்குற ஃபேன்லயும் கரண்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கும். மூடின மோட்டார் உள்ள ஃபேன்தான் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தற்காலிகம்னு வச்சு ரெண்டு வருஷம் தொங்குறதை எத்தனையோ இடத்துல பார்த்திருக்கேன், அதை இன்னைக்கே கழட்டுங்க. ஒட்டடை அடிக்கறதும் தீ தடுக்குற வேலைதான், ஒட்டடையும் தூசியும் திரி மாதிரி தீயை இழுத்துக்கிட்டு ஓடும்.

யாரும் சொல்லாத ஒண்ணு: லாயத்தோட மெயின் ஸ்விட்ச் லாயத்துக்கு வெளிய இருக்கட்டும், கிணத்து மோட்டார் லைன் அதுல சேராம தனியா இருக்கட்டும். தீப்பிடிச்சா முதல்ல கரண்ட்டை ஆஃப் பண்ணணும், எல்லாம் ஒரே ஸ்விட்ச்சுல இருந்தா மோட்டாரும் நின்னுரும், தண்ணிக்கு எங்க போவீங்க? ஒரு தோட்டத்துல கிணறு நெறையத் தண்ணி, மோட்டார் ஓடல, குடத்துல மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. நாங்க போய்ச் சேர்ந்தப்ப அந்தம்மா ரெண்டு கையும் கயித்துல உரிஞ்சு போயிருந்தது.

கேள்வி: சின்னதா ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்தறோம், 14 குதிரை. திருட்டு பயத்துல ராத்திரி ஒவ்வொரு கதவும் பூட்டு. தீப்பிடிச்சா எப்படி வெளிய கொண்டு வர்றது? குதிரை நெருப்புக்குள்ளயே திரும்ப ஓடும்னு சொல்றாங்களே, உண்மையா? (ஓசூர்)

பதில்: உண்மைதான், அதை நினைச்சாலே மனசு பதறும். 2017 டிசம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவுல கலிபோர்னியாவுல சான் டியேகோ பக்கம் லைலாக் தீன்னு ஒரு காட்டுத்தீ, வறண்ட காத்துல பறந்து வந்து சான் லூயிஸ் ரே டவுன்ஸ்ங்கற பந்தயக் குதிரைப் பயிற்சி மையத்துல பிடிச்சது. 400க்கு மேல குதிரைங்க இருந்த இடம். ஒவ்வொண்ணா பிடிச்சுக் கூட்டிப் போக நேரமே இல்ல, வேலைக்காரங்களும் பயிற்சியாளர்களும் கதவுகளைத் திறந்து விரட்டி விட்டாங்க, அப்படியும் 46 குதிரை செத்துப்போச்சு. வெளிய வந்ததுல சிலது மறுபடி எரியுற லாயத்துக்குள்ளயே ஓடினதைப் பார்த்தவங்க சொல்லியிருக்காங்க. குதிரைக்குப் பயம் வந்தா அதுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பான இடத்துக்குத்தான் ஓடும், தெனம் சாப்பிட்டுத் தூங்குற இடம் அதுக்கு லாயம்தானே, அங்க தீ இருக்குங்கறது அதுக்கு எப்படித் தெரியும்.

அதனால வெளிய கொண்டு வர்றதோட வேலை முடியல. கொண்டு வந்த குதிரையை காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம், வேலி போட்ட ஒரு இடத்துல விட்டு கேட்டை சாத்தணும், காலியான கதவையும் சாத்திட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். அந்த வேலி போட்ட இடம் எதுன்னு இப்பவே முடிவு பண்ணி வைங்க.

பூட்டு விஷயத்துல நான் கண்டிப்பாவே சொல்றேன், ஒவ்வொரு கதவுலயும் பூட்டு போடாதீங்க. திருட்டுக்கு வெளிக்கேட்ல பூட்டு, கேமரா, ஒரு நாய், ராத்திரி ஆள் படுக்க வைங்க. 14 பூட்டு, 14 சாவி, பொகையில கண்ணு எரியுது, கை நடுங்குது, எந்தச் சாவி எதுக்குன்னு எப்படிப் பார்ப்பீங்க? உள் கதவுக்கு ஒரே இழுப்புல திறக்குற தாழ்ப்பாள் போதும், கதவு வெளிப்பக்கமா திறக்கணும். சங்கிலியில கட்டுறதை விட்டுட்டு கயித்துல, ஒரு முனையை இழுத்தா அவுந்துடற முடிச்சுல கட்டுங்க. நம்ம ஆளுங்க பின்னங்காலையும் சேர்த்துக் கட்டுறாங்க, ராத்திரிக்காவது அதை அவுத்து விடுங்க, ஒரு குதிரைக்கு மூணு முடிச்சு அவுக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு கதவு பக்கத்துலயும் ஆணியில ஒரு தலைக்கயிறும் பிடிகயிறும் தொங்கணும், பருத்தியோ தோலோ, நைலான் சூட்டுல உருகி முகத்துல ஒட்டிக்கும். வாசல்ல ஒரு கருக்கருவா மாட்டி வைங்க, அவுக்க முடியாத கயித்தை அறுக்கறதுக்கு. நகர மாட்டேன்னு நிக்குற குதிரைக்கு கண்ணை துண்டால மூடி, தெரிஞ்ச குரல்ல பேசிக்கிட்டே நடத்திட்டு வாங்க, இதை பகல்ல சும்மா இருக்கறப்பவே மாசம் ஒரு தடவை பழக்குங்க, முதல் தடவையே தீ நேரத்துல கண்ணைக் கட்டினா அது மெரண்டு போயிரும்.

வாசலுக்குப் பக்கத்துல இருக்கறதை முதல்ல வெளிய எடுங்க. கூரை பத்திக்கிச்சுன்னா மனுஷங்க யாரும் உள்ள போகக் கூடாது, குதிரை பார்க்குற பசங்ககிட்ட இதை முன்கூட்டியே சொல்லி வைங்க. அவங்க அந்த ஜீவன் மேல வச்சிருக்கற பாசத்துக்கு சொல்லாம கேக்காம உள்ள ஓடிருவாங்க, நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: எந்த தீயணைப்பான் வாங்கறது? (திருச்சி)

பதில்: ஏபிசி பவுடர், 6 கிலோ. வைக்கோல், எண்ணெய், கரண்ட் மூணுக்கும் ஆகும். 15 மீட்டர் நடக்குறதுக்குள்ள ஒண்ணு கைக்கு எட்டணும், வாசல் பக்கமா மாட்டுங்க, உள் மூலையில மாட்டினா எடுக்கப் போறவர் மாட்டிக்குவார். மாசாமாசம் அதோட மீட்டர் முள்ளு பச்சையில இருக்கான்னு பாருங்க. பின்னை உருவி, தீயோட அடிப்பக்கம் பார்த்து, பிடியை அமுக்கி, இடவலமா வீசுங்க. பவுடர் தீர நிமிஷம் கூட ஆகாது, ஆரம்பத் தீக்குத்தான் அது. வைக்கோல்ல மேல அணைஞ்சாலும் உள்ள கங்கு இருக்கும், தண்ணி ஊத்தாம விடாதீங்க. வீட்டுக்கு விக்குற புகை அலாரம் தூசிக்கே கத்தும், லாயத்துக்கு சூட்டை வச்சு அடிக்குற அலாரம் கேட்டு வாங்குங்க. ஷெட்டுல வெல்டிங், கிரைண்டர் வேலைன்னா குதிரையையும் வைக்கோலையும் வெளிய எடுத்துட்டு ஆரம்பிங்க, வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் ஆள் அங்கயே உக்காந்திருக்கணும்.

கேள்வி: ஒரு பசு லாந்தர் விளக்கை உதைச்சு சிகாகோ நகரமே எரிஞ்சதுன்னு எங்க சார் சொன்னார். நெஜமா? (மதுரையில் இருந்து ஒரு பள்ளி மாணவி)

பதில்: கொட்டில்ல ஆரம்பிச்சது நெஜம்மா. 1871 அக்டோபர் 8ஆம் தேதி ராத்திரி, டிகோவன் தெருவுல ஓ'லியரி குடும்பத்தோட மாட்டுக்கொட்டில் பக்கம் பிடிச்ச தீ ரெண்டு நாள் எரிஞ்சு 300 பேர் கிட்ட செத்தாங்க, ஒரு லட்சம் பேருக்கு வீடு போச்சு. பசு உதைச்ச கதைக்கு ஆதாரம் இல்ல, எப்படிப் பிடிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாராலும் நிரூபிக்க முடியல. அந்த வீட்டு ஓ'லியரி அம்மா ஏழை, வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்தவங்க, ஊரே அவங்க மேல பழி போட்டது. 1997ல தான் சிகாகோ நகர சபை அவங்க மேல குத்தம் இல்லன்னு தீர்மானம் போட்டது, அதுக்குள்ள அவங்க செத்து நூறு வருஷம் ஆயிருந்தது. உங்க சார்கிட்ட இதையும் சொல்லும்மா.

கேள்வி: பக்கத்துக் கொட்டகை எரிஞ்சப்ப என் குதிரை பொகையில கால் மணி நேரம் மாட்டிக்கிச்சு. காயம் இல்ல, நல்லா தின்னுது. டாக்டர் வேணுமா? (சேலம்)

பதில்: கட்டாயம் வேணும். இதைப் படிக்கும்போதே 1962க்கு போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் அது. பொகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். அது போக சூடும் கரியும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும், வீக்கம் வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், நிமோனியா ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுக் கூட வரும். இருமல், மூக்குல சளி, சும்மா நிக்கும்போதே வயிறு எக்கி எக்கி மூச்சு விடறது, இதுல எது தெரிஞ்சாலும் அவசரம். நாலுல இருந்து ஆறு வாரம் ஓட விடாதீங்க, சவாரியும் வேண்டாம். தீவனத்தை தண்ணியில நனைச்சுப் போடுங்க, தூசி மூக்குல போகக் கூடாது. தீக்காயம் பட்ட குதிரைக்கு சுத்தமான தண்ணியை நெறைய நேரம் ஊத்தணும், இங்க், டூத்பேஸ்ட், மஞ்சள் ஒண்ணும் தடவாதீங்க.

கேள்வி: எங்க ஊருக்கு ஃபயர் வண்டி வர அரை மணி நேரம் ஆகும். அப்புறம் போன் பண்ணி என்ன பிரயோஜனம்? (தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: அரை மணி ஆகும்ங்கறதாலதான் முதல்ல போன் பண்ணணும். நாம அணைச்சுரலாம்னு பத்து நிமிஷம் பார்த்துட்டு அப்புறம் கூப்பிட்டா அது நாப்பது நிமிஷம் ஆயிரும். ஒருத்தர் அவுத்து விடும்போதே இன்னொருத்தர் 101 அடிக்கட்டும், கிடைக்கலன்னா 112. ஊர் பேர், எந்த ரோட்டுல எந்தக் கோயில் இல்ல டாங்க் பக்கம் திரும்பணும், என்ன எரியுது, எத்தனை ஜீவன் உள்ள இருக்கு, கிணறோ குளமோ பக்கத்துல இருக்கா, இதைச் சொல்லுங்க, அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் போனை வைக்காதீங்க. தீபாவளி சமயத்துல வைக்கோல் போர் மேல ஈரச்சாக்கும் பக்கத்துல நாலு குடம் தண்ணியும் வைங்க, ராக்கெட் வந்து விழுந்த உடனே அடிச்சா முடிஞ்சுரும்.

வண்டி வர்ற பாதையை இந்த வாரமே நடந்து பாருங்க. வண்டியை விட உசரம் கம்மியா தொங்குற கேபிள், குறுக்க நிறுத்தின டிராக்டர், வளைவுல கொட்டின ஜல்லி, இதெல்லாம் நாங்க ராத்திரியில இறங்கி நின்னு எடுத்துட்டுப் போயிருக்கோம். போன் பண்ணின உடனே ஒரு பையனை டார்ச்சோட மெயின் ரோடு திருப்பத்துக்கு அனுப்புங்க. தோட்டத்துக் கேட்டை முழுசா திறந்து, மறுபடி காத்துல சாத்திக்காம இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுங்க.